கணக்குப்பிள்ளைக்கு மட்டும் ஏன் கன்ட்ரோல்-எச்?

பி.காம் படிக்கிறவனுக்கு நிரல் எழுதும் கருவிகளைப் பற்றி என்ன பேச்சு என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் கேட்பார்கள். கேளுங்கள். போன வாரம் அவர்களில் ஒருவன் தன் லேப்டாப்பில் ஒரு வித்தை காட்டினான். நிரலில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினான். நாற்பது கோப்புகளில் அந்தப் பெயர் மாறியது. அதே எழுத்தில் வேறு வேலைக்காக இருந்த இன்னொரு பெயர் மட்டும் அப்படியே இருந்தது. "இதுக்குப் பேரு ரீஃபாக்டரிங், உனக்குப் புரியாது" என்றான். எனக்கு நன்றாகவே புரிந்தது. எரிச்சலும் வந்தது. ஏனென்றால் நாங்களும்தான் நிரல் எழுதுகிறோம். எங்களுக்கு மட்டும் அந்தப் பொத்தான் இல்லை.

ஆமாம், எக்செலைத்தான் சொல்கிறேன். சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் மேலே படியுங்கள் :-)

எக்செல் ஒரு நிரல்மொழிதான்

ஒரு செல்லில் "=இஃப்(சி2>1000, சி2*12%, சி2*5%)" என்று எழுதினால் அது நிரல். உள்ளீடு இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, விடை இருக்கிறது. ஒரு செல் இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அது வேறொன்றைக் கூப்பிடுகிறது. 2020 டிசம்பரில் லாம்டா என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் அறிவித்த பிறகு, நாமே புதிய செயற்கூறுகளை எக்செல் சூத்திரத்திலேயே எழுதிப் பெயர் வைக்கலாம். அவை தம்மைத்தாமே திரும்பக் கூப்பிடவும் செய்யும். அதாவது கொள்கை அளவில் மற்ற மொழிகளால் கணக்கிட முடிந்ததெல்லாம் இதனாலும் முடியும். இதற்குப் பிறகும் "எக்செல் எல்லாம் ஒரு லாங்குவேஜா" என்று கேட்பவர்களிடம் பேச எனக்கு நேரமில்லை.

இன்னொன்று. 1979இல் வந்த விசிகால்க்தான் இந்த வகை மென்பொருளுக்கெல்லாம் தாத்தா. அதை யோசித்த டான் பிரிக்ளின் அப்போது ஹார்வர்டில் வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருந்த மாணவர். பாப் ஃப்ராங்க்ஸ்டன் உடன் சேர்ந்து நிரலை எழுதினார். ஆகவே இது நம்ம ஆள் ஒருத்தர் நமக்காகக் கண்டுபிடித்த பொருள். அதைப் பராமரிக்கிற கருவி நமக்கு வேண்டும் என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அவர்களுக்குக் கிடைத்தது என்ன?

1978இல் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் லின்ட் என்று ஒரு நிரல் எழுதினார். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் தூசிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சி மொழியில் எழுதிய நிரலை ஓட்டாமலே, சும்மா படித்துப் பார்த்தே, "இந்த இடம் சந்தேகமாக இருக்கிறது" என்று பட்டியல் போடும். சி எழுதினவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனாலும் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1992இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓப்டைக் ரீஃபாக்டரிங் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். நிரல் தரும் விடை மாறக்கூடாது, உள் அமைப்பு மட்டும் சுத்தமாக வேண்டும், அதற்கு எந்தெந்த மாற்றம் பாதுகாப்பானது என்பது அதன் சாரம். பிறகு ஸ்மால்டாக் மொழிக்கு ரீஃபாக்டரிங் பிரௌசர் வந்தது. 1999இல் மார்ட்டின் ஃபௌலரின் புத்தகம் வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஜாவாவுக்கு இன்டெலிஜே, எக்லிப்ஸ் என்று கருவிகள் வந்து இந்த வித்தையெல்லாம் மெனுவில் ஏறிவிட்டது. இன்றைக்கு முதலாம் ஆண்டு மாணவன் வலது சொடுக்கில் செய்கிறான்.

நமக்கு? கன்ட்ரோல்-எச். தேடு, மாற்று, கடவுளை வேண்டு.

2025 செப்டம்பர் 22

இது வெறும் பொறாமை இல்லை, பணம் சம்பந்தப்பட்டது என்று காட்டுகிறேன்.

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சிலின் 56வது கூட்டம் நடந்தது. 12%, 28% அடுக்குகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு 5%, 18% என்று ஆக்கினார்கள். அமலுக்கு வந்த நாள் செப்டம்பர் 22. நடுவில் மூன்று வாரம்கூட முழுசாக இல்லை. பில் போடும் பெரிய மென்பொருள்களை அவற்றின் நிறுவனங்கள் திருத்திக்கொடுத்துவிடும். ஆனால் கொட்டேஷன் போடும் ஷீட், மார்ஜின் பார்க்கும் ஷீட், ரிட்டர்னுக்கு முன்னால் சரிபார்க்கும் ஷீட் எல்லாம் எக்செலில்தானே இருக்கின்றன?

ஆயத்த ஆடையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விதி: ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 12%. புதிய விதி: 2,500 வரை 5%, அதற்கு மேல் 18%. மேலே நான் எழுதிய இஃப் சூத்திரம் பழைய விதிதான். இப்போது கன்ட்ரோல்-எச் போட்டு 12%-ஐ 18% ஆக்கிவிட்டு 1,000-ஐ மறந்தால் என்ன ஆகும்? 1,800 ரூபாய் சட்டைக்கு வர வேண்டிய வரி 90 ரூபாய். ஷீட் காட்டும் வரி 324 ரூபாய். சட்டைக்கு 234 ரூபாய் அதிகம். 300 சட்டைக்குக் கொட்டேஷன் கொடுத்தால் 70,200 ரூபாய். ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விடும், ஏன் போனது என்றே தெரியாது.

சரி, 1,000-ஐயும் தேடி 2,500 ஆக்கிவிட்டால்? அதே ஷீட்டில் ஒருவருக்குக் கொடுத்த 1,000 ரூபாய் முன்பணமும் 2,500 ஆகிவிடும். 12%-ஐத் தேடி மாற்றினால் சம்பள ஷீட்டில் இருக்கும் பி.எஃப் பிடித்தமும் மாறிவிடும், ஏனென்றால் அதுவும் 12%தான். கணினியின் கண்ணுக்கு இரண்டும் ஒரே எழுத்து. ஒன்று வரி, இன்னொன்று தொழிலாளியின் சேமிப்பு என்று கன்ட்ரோல்-எச்சுக்குத் தெரியாது.

இன்னும் இருக்கிறது. செப்டம்பர் 20ஆம் தேதி போட்ட பில்லுக்குப் பழைய விகிதம்தான். சூத்திரத்தை மாற்றிக் கீழே வரைக்கும் இழுத்தால் பழைய வரிசைகளும் மாறிப்போகும். உண்மையில் வேண்டியது, விகிதத்தைச் சூத்திரத்திலிருந்து வெளியே எடுத்து, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று ஒரு அட்டவணையில் வைத்து, எல்லா இடத்தையும் அதற்கு இணைப்பது. நிரலாளர்கள் உலகில் இதன் முதல் படிக்கு 'மாறிலியைப் பிரித்தெடு' என்று பெயர். எக்லிப்ஸில் மெனுவிலேயே இருக்கிறது.

தெரிந்த அண்ணன் ஒருவர் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறார். அந்த மூன்று வாரமும் ஒவ்வொரு கிளையன்ட் ஷீட்டையும் திறந்து, செல் செல்லாக எஃப்2 அழுத்தி, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். நிரலாளன் பத்து நிமிடத்தில் முடிப்பதை இவர் ராத்திரி பதினொரு மணி வரை செய்தார். ஒரு ஷீட்டில் மூன்று வரிசை விட்டுப்போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. திட்டு யாருக்கு? ஷீட்டுக்கா? அண்ணனுக்குத்தான்.

"மனிதத் தவறு" என்ற சால்ஜாப்பு

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எக்செலில் பிழை வந்தால் உடனே "மனிதத் தவறு" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

2010இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார அறிஞர்கள், அரசின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90%-ஐத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று எழுதினார்கள். அரசுச் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் பல நாடுகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்த எக்செல் ஷீட்டைத் திறந்து பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் 20 நாடுகளில் 15ஐ மட்டும் எடுத்திருந்தது. ஐந்து நாடுகள் வெளியே. நியாயமாகச் சொல்கிறேன்: இறுதி விடை மைனஸ் 0.1 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதமாக மாறியதற்கு இந்தச் சூத்திரம் மட்டும் காரணம் இல்லை. அதன் பங்கு 0.3 புள்ளி அளவுதான். தரவுகளைத் தேர்ந்தெடுத்த விதமும் எடை கொடுத்த விதமும்தான் பெரிய காரணம். ஆனால் மூன்று வருஷம் அந்தச் சூத்திரத்தை எந்த இயந்திரமும் தடுத்து நிறுத்தவில்லை என்பதும் உண்மை.

2012இல் ஜேபி மோர்கன் வங்கியின் லண்டன் பிரிவு சுமார் 620 கோடி டாலர் நஷ்டப்பட்டது. அந்த நஷ்டத்துக்கு முதல் காரணம் சூதாட்டம் போன்ற வியாபாரம், எக்செல் இல்லை. ஆனால் ஆபத்தை அளக்கும் மாதிரி, ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகலெடுத்து ஒட்டும் முறையில் ஓடியதாக 2013இல் வங்கியே வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஓரிடத்தில் சராசரியால் வகுக்க வேண்டியதைக் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். அதனால் ஆபத்து குறைவாகத் தெரிந்தது.

ஹார்வர்டும் ஜேபி மோர்கனும் தப்பு செய்கிற இடத்தில், மாதம் சில ஆயிரம் உதவித்தொகை வாங்கும் ஆர்ட்டிகிள் பையன் "கவனமாக இருந்திருக்கணும்" என்று சொல்வது என்ன நியாயம்? எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள் என்றால் பள்ளத்தை மூடுங்கள் சாமி.

அமெரிக்காவில் திவாலான என்ரான் நிறுவனத்தின் மின்னஞ்சல்களிலிருந்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷீட்களை எடுத்து ஆராய்ந்து, ஃபெலியன் ஹெர்மன்ஸும் எமர்சன் மர்ஃபி-ஹில்லும் 2015இல் வெளியிட்டார்கள். சூத்திரம் இருந்த ஷீட்களில் 24 சதவீதத்தில் எக்செலே பிழை என்று காட்டும் விடை ஒன்றாவது இருந்தது. இது கண்ணுக்குத் தெரிகிற பிழை. தப்பான எண்ணைச் சரியான முகத்தோடு காட்டுகிற பிழை இந்தக் கணக்கிலேயே வராது.

"செய்வது கஷ்டம்" என்கிறார்களா?

இல்லை. ஒரு ஷீட்டில் நடுவில் ஒரு வரியை நுழைத்துப் பாருங்கள். அதைச் சுட்டும் எல்லாச் சூத்திரமும் தானாகத் திருத்திக்கொள்ளும். அது ரீஃபாக்டரிங்தானே? எந்த செல் எதை நம்பியிருக்கிறது என்ற வரைபடம் எக்செலின் வயிற்றுக்குள் எப்போதும் இருக்கிறது. அது இல்லாமல் அதனால் கணக்கே போட முடியாது. பெயர் மேலாளரில் ஒரு பெயரை மாற்றினால் சூத்திரங்களிலும் மாறுகிறது. ஆக வித்தை தெரியும். நமக்குத் தர மனசில்லை.

சொல்லப்போனால் மற்ற மொழிகளைவிட இங்கே சுலபம். பெரும்பாலான சூத்திரங்கள் ஒரு விடையைத் தரும், வேறு எதையும் தொடாது. மாற்றத்துக்கு முன்னால் எல்லா செல்லின் விடையையும் குறித்துக்கொள், மாற்று, பிறகு ஒப்பிட்டுப் பார். ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் மாற்றத்தைத் திரும்பப் பெறு. சோதனைத் தரவு என்று தனியாக எதுவும் தயாரிக்க வேண்டாம், ஷீட்டிலேயே இருக்கிறது. இன்டைரக்ட் போல முகவரியை எழுத்தாக வைத்துக்கொள்ளும் சூத்திரங்கள் சிக்கல்தான். அந்த இடத்தில் "இதை நான் தொட மாட்டேன், நீயே பார்" என்று கருவி சொல்லட்டும். அதுவே பெரிய உபகாரம்.

ஆராய்ச்சியும் நடந்து முடிந்துவிட்டது. ஓப்டைக் படித்த அதே இல்லினாயிலிருந்து 2012இல் டேனி டிக்கும் சான்ட்ரோ படாமேயும் எக்செலுக்கு ஏழு ரீஃபாக்டரிங் வசதிகள் கொண்ட ஒரு துணைநிரலைச் செய்து காட்டினார்கள். ஹெர்மன்ஸ், ஃபௌலர் சொன்ன 'கெட்ட வாடை' பட்டியலை ஷீட்களுக்குப் பொருத்திக் காட்டினார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அது எக்செல் மெனுவில் வரவில்லை. ஆச்சரியப்படவும் முடியவில்லை. பயனரே செயற்கூறு எழுத வழி வேண்டும் என்று மைக்ரோசாஃப்டின் ஆய்வகத்தில் இருந்த சைமன் பெய்டன் ஜோன்ஸ் இன்னும் இருவருடன் சேர்ந்து 2003இலேயே கட்டுரை எழுதினார். லாம்டா அறிவிப்பு வந்தது 2020இல். பதினேழு வருஷம்!

நான் கேட்பது நான்கே நான்கு

1. சூத்திரத்துக்குள் புதைந்திருக்கும் எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அதை வெளியே எடுத்துப் பெயர் வைத்து, அதே எண் வரும் மற்ற இடங்களைக் காட்டி, "இது வரியா, பி.எஃப்-ஆ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் பொத்தான். செல் முகவரிக்குப் பதில் பெயரை வைக்கும் ஒரு கட்டளை எக்செலில் இப்போதே மூலையில் இருக்கிறது. புதைந்த 12-ஐத் தேடித்தர அதற்குத் தெரியாது.

2. பழைய வீலுக்கப்பை எக்ஸ்லுக்கப்பாக மாற்றும் பொத்தான். வீலுக்கப்பில் "மூன்றாவது பத்தி" என்று எண்ணால் எழுதுகிறோம். நடுவில் ஒரு பத்தி நுழைந்தால் மூன்று நான்காகாது, தப்பான பத்தியை எடுக்கும். கையால் மாற்றலாமே என்பீர்கள். கடைசி உள்ளீட்டை விட்டுவிட்டால் வீலுக்கப் தோராயப் பொருத்தம் தேடும், எக்ஸ்லுக்கப் துல்லியப் பொருத்தம் தேடும். வருமான வரி அடுக்கு மாதிரியான அட்டவணையில் இது தெரியாமல் மாற்றினால் விடை போச்சு. இந்த மாதிரி நுணுக்கம் இயந்திரத்தின் வேலை.

3. முழு ஃபைலுக்கும் ஒரே பட்டியலாகக் குறை சொல்லும் லின்ட். சூத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் கையால் அடித்த எண், பிழையை விழுங்கி பூஜ்யம் காட்டும் இஃப்எரர், பத்தியில் ஒன்று மட்டும் மாறுபட்ட சூத்திரம், வரம்பில் விட்டுப்போன வரிசை. சிலதுக்கு ஓரத்தில் பச்சை முக்கோணம் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். எறும்பு அளவு முக்கோணம். பலர் செய்கிற முதல் வேலையே அதை அணைத்துவைப்பது.

4. மூன்று பத்தியில் திரும்பத் திரும்ப வரும் நீளமான இஃப்பை ஒரே லாம்டாவாகப் பிரித்துப் பெயர் வைக்கும் பொத்தான். இதற்கு ஓரளவு பக்கத்தில் வரும் எக்செல் லேப்ஸ் என்ற துணைநிரல் மைக்ரோசாஃப்டிடமே இருக்கிறது. ஆனால் தனியாகத் தேடிப்போய் நிறுவ வேண்டும். எத்தனை கணக்காளருக்குத் தெரியும்?

எதிர்க்கேள்விகளுக்கு முன்கூட்டியே

"பைத்தானுக்கு மாறேன்?" ஷீட் என்னுடையது இல்லை நண்பா, கிளையன்ட்டுடையது. நாளைக்கு அவர் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஊரே பேசுகிற மொழியில் சிக்கல் என்றால் ஊரையே காலி பண்ணச் சொல்வது தீர்வா?

"இன்க்வயர் இருக்கிறதே?" இருக்கிறது, 2013 முதல். பிழைகளையும் மறைத்த ஷீட்களையும் பட்டியல் போடும். ஆனால் பெரிய நிறுவனங்களுக்கான பதிப்பில்தான் வரும், சிறு கடைக்காரர் வாங்கும் பதிப்பில் இல்லை. தவிர, அது நோயைச் சொல்லும், மருந்து கொடுக்காது.

"ஏஐ பார்த்துக்கொள்ளும்." இதுதான் இப்போதைய ஃபேஷன். சந்தேகமான இடத்தைத் தேட அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் செல்லுக்குள்ளேயே எழுதும் கோபைலட் சூத்திரத்தை அறிவித்தபோது, துல்லியமும் அதே விடை மறுபடி வருவதும் தேவைப்படும் வேலைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று மைக்ரோசாஃப்டே எச்சரித்தது. கணக்கு வழக்கில் துல்லியம் தேவைப்படாத வேலை எது, சொல்லுங்கள்? ரீஃபாக்டரிங் என்பதே "விடை மாறவில்லை" என்ற உத்தரவாதம். "அநேகமாக மாறவில்லை" என்பது உத்தரவாதம் இல்லை.

"ஆரம்பத்திலேயே ஒழுங்காக எழுது." யார் எழுதினது? நாம் வேலைக்குச் சேரும்போது 2011இல் யாரோ தொடங்கி ஆறு பேர் கை மாறிய ஷீட்தான் கிடைக்கும். சுத்தம் செய்யும் கருவி எதற்கு என்று கேட்பவர் ஒரு தடவை அந்த மாதிரி ஷீட்டைத் திறந்து பார்க்கட்டும்.

நம்ம பக்கமும் கொஞ்சம்

மைக்ரோசாஃப்டை மட்டும் திட்டினால் போதாது. 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் அந்த மென்பொருளுக்குள் போகும் எண் பிறந்த எக்செல் ஷீட்டை யாரும் கேட்பதில்லை. முன்வாசலில் பூட்டு, கொல்லைப்பக்கம் கதவே இல்லை. நம் வகுப்பிலும் எக்செல் என்றால் அட்டவணை போடு, பார் சார்ட் வரை, பிரின்ட் எடு. அடுத்தவர் எழுதிய ஷீட்டை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு மணிநேரம்கூட யாரும் சொல்லித்தரவில்லை. வேலையில் அதைத்தானே தினமும் செய்யப்போகிறோம்?

கருவி வரும் வரைக்கும் என்ன செய்வது? விகிதம், வரம்பு, வட்டி எதையும் சூத்திரத்துக்குள் எழுதாதீர்கள். தேதியோடு தனி அட்டவணையில் வையுங்கள். தரவைக் கூடுமானவரை டேபிளாக மாற்றுங்கள், புது வரிசை வந்தால் வரம்பு தானாக நீளும். பச்சை முக்கோணத்தை அணைக்காதீர்கள். மாற்றுவதற்கு முன் ஒரு நகல், மாற்றிய பின் இரண்டையும் கழித்துப் பூஜ்யம் வருகிறதா என்று ஒரு ஷீட். இதெல்லாம் கையால் செய்யும் ரீஃபாக்டரிங். செய்யச் செய்ய இது இயந்திரம் செய்ய வேண்டிய வேலை என்பது உங்களுக்கே உறைக்கும். உறைத்தால் எக்செலிலேயே கருத்து அனுப்பும் வசதி இருக்கிறது, அதில் கேளுங்கள். நான் முதல் கோரிக்கையை மட்டும் இரண்டு முறை அனுப்பிவிட்டேன்.

பி.கு: "லிப்ரே ஆபீஸ் பக்கம் வா, நீயே எழுதிச் சேர்க்கலாம்" என்று ஒரு நண்பன் கூப்பிடுகிறான். அவனுக்கு நிரல் தெரியும், எனக்கு ஷீட் எங்கே உடையும் என்று தெரியும். மேலே உள்ள நான்கில் முதலாவதைச் செய்ய இன்னும் யாராவது வருகிறீர்களா? தெரியாமல் கேட்கவில்லை, நிஜமாகவே ஆள் வேண்டும்.